மாலை மறைத்த கதவு

"பெத்த அப்பா கண்ணு பூத்துப்போய் உட்கார்ந்திருக்கார். ஆறு வருஷமா எட்டிப் பார்க்காத பொண்ணு இன்னைக்கு மட்டும் வந்துடப் போறாளா?" என்றார் காவலாளி.

அருங்காட்சியக அதிகாரி அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பெண் மேல் கோபம்தான்.

பெஞ்சில் பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலிருந்து காத்திருந்தார். ஓட்டல் தொழிலாளர் சங்கத்தின் பழைய தலைவர். மனைவி போன பிறகு ஒற்றை அறை. ஒரு காலத்தில் மைக் இல்லாமலே மைதானத்தை அதிர வைத்த குரல். இப்போது சில நாள் அந்தக் குரலை அவரே கேட்பதில்லை.

எதிர்ச் சுவரில் அந்த வரைபடம். இருநூறு வருஷத்துக்கு முன்னால், பணக்காரர்கள் பழைய கிரேக்கக் கோயில்களைப் பார்த்து வீட்டை அலங்கரித்த காலத்தில், ஒரு பிரபுவின் விருந்துக் கூடச் சுவருக்காகப் போட்டது. தூண், சாடி, தொங்கும் பூமாலை. இடது பக்கம் எப்படியோ வலதும் அப்படியே. வலது மாலையின் குறுக்கே மட்டும் ஒரு மங்கிய கோடு. 'தாள் மடிந்த தடம்' என்று நிபுணர்கள் எழுதி வைத்திருந்தார்கள்.

போன மாதம் அதைப் படித்துவிட்டுப் பெரியவர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"மடிப்புன்னா தாளோட ஓரம் வரைக்கும் ஓடணும்மா. இது ஆள் உயரத்தோட நின்னுடுது. தூணுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவுல இருக்கிறது சுவரே இல்லை, கதவு! கைப்பிடி கிடையாது, நிலை கிடையாது. மேல மாலையைப் போட்டு மறைச்சிருக்கான். தட்டு வரணும், தூக்கிட்டு வர்றவன் மூஞ்சி தெரியக் கூடாது. மடிப்புன்னு எழுதினவர் வீட்டுல சோறு தானா நடந்து வருமா?"

அதிகாரி அந்தப் பிரபு வீட்டின் தரைப்படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அந்த இடத்துக்குப் பின்னால் சமையலறைப் படி இருந்தது.

புதிய விளக்க அட்டையில் பெரியவரின் பெயரும் ஏறியது. அதை மகள் பார்க்க வேண்டும். பார்த்தால் மனம் இளகி, 'என்னோட வந்து இருங்கப்பா' என்பாள். மூன்று கடிதம் போட்டிருந்தார்.

மாலை நாலு மணிக்கு மகள் வந்தாள். பெரியவர் எழுந்தார், கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் அட்டையை நிதானமாகப் படித்தாள்.

"எப்படி?" என்றார்.

"நல்லாக் கண்டுபிடிச்சிருக்கீங்கப்பா."

"பதினாறு வயசுல கிளப்புல தட்டு தூக்கினவன் நான். அலங்காரத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. இது யாரை மறைக்குதுன்னு கேட்கணும்."

அதிகாரிக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு விஷயம் தெரிஞ்ச மனுஷரை இப்படித் தனியா விட்டுட்டீங்களேம்மா!"

மகள் கைப்பையைத் திறந்து, பழுப்பேறிய ஒரு துண்டறிக்கையை எடுத்து நீட்டினாள்.

"எங்கம்மா இரங்கல் கூட்டத்துக்கு அப்பா எழுதினது. ரெண்டாயிரம் காப்பி."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி படித்தார். 'தலைவரின் துணைவியார் மறைந்தார்.' அதன் கீழே தலைவர் சிறை சென்ற ஆண்டுகள். நடத்திய வேலைநிறுத்தங்கள். வென்ற கோரிக்கைகள். கடைசியில், 'முப்பது ஆண்டுகள் தோழர்களுக்கு முகம் சுளிக்காமல் சமைத்துப் போட்டவர்' என்று ஒரு வரி.

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அம்மா பேரு எங்கேம்மா?"

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே நானும் கேட்டேன் மேடம். 'தலைவர் மனைவின்னு போட்டாப் போதாதா, பேரு யாருக்கு வேணும்?'னார்."