வெளியூர் போனவர்கள்

வரப்பு எலிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வளைகளில் பாம்பு வாடை அடித்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்க ஓர் எலி கிளம்பியது. ஆனால் பெருச்சாளி அதிகாரி அனுமதிக்காத கேள்வியை யாரிடமும் கேட்கக்கூடாது.

“ ‘உங்கள் வீட்டில் யாரையாவது பாம்பு பிடித்ததா?’ இதுதான் கேள்வி, ஐயா.”

“ஊரே பீதியாயிடும்யா. மாத்திக்கிட்டு வா.”

எலி மாற்றிக்கொண்டு வருவதற்குள் இன்னொரு வளை காலி.

“ ‘யாராவது காணாமல் போனார்களா?’ ”

“அதுவும் வேணாம். ‘யாராவது வெளியூர் போயிருக்காங்களா’ன்னு கேளு. அனுமதி உண்டு.”

எலி ஓடியது. முதல் வளை அதன் சொந்த வீடு. கூப்பிட்டது. மனைவி குரல் கொடுக்கவில்லை, குட்டிகள் கீச்சிடவில்லை. வாடை மட்டும் இருந்தது.

மாலையில் பெருச்சாளி கேட்டது: “உன் வீட்டுல எப்படி?”

“எல்லாரும் வெளியூர் போயிருக்காங்க, ஐயா.”