கப்பித்தானின் சப்பாத்து

“உந்தச் சுத்தியலைக் கீழ வைக்கிறீரோ, இல்லாட்டி நான் பொலிசுக்குப் போன் அடிக்கவோ?”

வாசலில் நின்று கத்தியவர் இராசரத்தினம். வெள்ளவத்தையின் அந்த மாடிக் குடியிருப்புக்குச் செயலாளர். மரியகொறற்றிக்கு நேர் கீழ்வீட்டுக்காரர். மத்தியான நித்திரை கலைந்த கோபம் முகமெல்லாம் தெரிந்தது.

மரியகொறற்றி நொண்டி நொண்டி வந்தாள். ஒரு கால் வெறுங்கால். மறுகாலில் முழங்கால் உயரத்துக்குப் பாதி தைத்த தோல் சப்பாத்து.

“தையலை அடிச்சுத் தட்டையாக்காட்டிக் காலைக் கடிக்கும் அங்கிள்.”

“பொம்பிளைப் பிள்ளை செய்யிற வேலையே இது? இது வீடோ, சப்பாத்துக் கடையோ? பொறும் பொறும்... இது என்ர பழைய சோபாத் தோலெல்லே!”

“நீங்கதானே குப்பைக்கு எறிஞ்சீங்க?”

மனுசன் திரும்பிப் படியில் தடதடவென்று இறங்கிப் போனார். உள்ளே மெழுகு நூலுக்கு இரண்டு பக்கமும் ஊசி கோத்துக்கொண்டிருந்த நிஷாந்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

செயலாளரைப் பகைத்தால் நாடகம் போச்சு என்ற பயம் அவளுக்கு. நாடகத்தை எழுதியவள் அவள். அந்தக் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பெண்களுக்கு இதுவரை தேங்காய் துருவுகிற வேலைதான். “இந்த முறை நாடகம் போடுறம், பறங்கிப் படையின்ர கப்பித்தான் நான்தான்” என்று மரியகொறற்றி கூட்டத்தில் எழுந்து சொன்னதும் ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “சப்பாத்தே இல்லாத கப்பித்தானோ?” என்று கேட்டவர் இதே இராசரத்தினம். கடைசியில், “சரி, ஒருக்கா விடுவம். சொதப்பினால் இனி ஒரு வருசமும் மேடை கேட்கக்கூடாது” என்று முடிவாயிற்று.

உடுப்பு வாடகைக் கடையில் றப்பர் கம்பூட்ஸ்தான் இருந்தது. “அதைப் போட்டா பறங்கியன் இல்லை, மாடு கழுவுறவன். நானே தைப்பன்” என்று மரியகொறற்றி திரும்பி வந்துவிட்டாள். பழைய காலுறையை மாட்டி, அதன்மேல் டேப்பைச் சுற்றி, வெட்டி எடுத்து அளவு பிடித்தாள். அடித்தோலுக்கு மருதானைக் கடைகளுக்குப் போய் வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய காயம். ஆனாலும் விட்டாளா? விடவில்லை.

“அக்கா, சப்பாத்தை விடுங்க. கோயில் தர்மகர்த்தா வேஷத்துக்கு இருந்த அபிஷன் கனடாவுக்குப் போய்ட்டாரே. கப்பித்தான் சப்பாத்துக் காலோட கோயிலுக்குள்ள வர்றதும், தர்மகர்த்தா மறிக்கிறதும்தானே கதையே! இப்ப யாரு மறிக்கிறது?”

“அதுக்கு ஆள் பார்த்திட்டன்.”

“ஒத்திகைக்கு ஒரு நாளும் காணோமே?”

“வருவார். நீ அந்த நூலைத் தா.”

மீண்டும் டொக் டொக் என்று சுத்தியல். மீண்டும் இராசரத்தினம்.

“இஞ்ச பாரும், கீழ் மண்டபத்துக்குப் புதுசாத் தரை ஓடு பதிச்சிருக்கு. செருப்பு, சப்பாத்து ஒண்டும் உள்ளுக்க வரக்கூடாது எண்டு போர்ட்டும் போட்டாச்சு. நாடகமெண்டாலும் வெறுங்காலோடதான்!”

“வெறுங்கால் கப்பித்தானை எங்க அங்கிள் கண்டீங்க? நான் கழட்ட மாட்டன்.”

“கழட்டாமல் கால் வைச்சுப் பாரும்! என்ர பிணத்தை மிதிச்சுக்கொண்டுதான் போகவேணும்!”

“பார்ப்பம்.”

நிஷாந்தி கெஞ்சிப் பார்த்தாள். “பெரிய மனுசன்கிட்ட ஏன்க்கா மல்லுக்கட்டுறீங்க? கறுப்பு சொக்ஸ் போட்டுச் சமாளிப்போம்.” மரியகொறற்றி கேட்டால்தானே!

பொங்கலன்று மண்டபம் நிறைந்த சனம். முன் வரிசையில் பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதியோடு இராசரத்தினம் வீற்றிருந்தார். கோயில் மணி ஒலித்தது. வாசல் பக்கமிருந்து சனத்தின் நடுவால், கன்னங்கரேலென்று பளபளத்த சப்பாத்தில், டக் டக் என்று கப்பித்தான் வந்தாள். பின்னால் சிப்பாய் வேடத்தில் நிஷாந்தி வந்தாள்.

“இந்தக் கோயிலுக்குள் நுழைய என்னைத் தடுப்பவன் எவன்?” மரியகொறற்றியின் குரலில் மண்டபமே அதிர்ந்தது.

இப்போது தர்மகர்த்தா வரவேண்டும். நிஷாந்தி இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். ஒரு குருவியைக்கூடக் காணோம். ‘செத்தோம்! இனிக் காலமெல்லாம் தேங்காய்தான்’ என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நில்லும்!”

முன் வரிசையிலிருந்து இராசரத்தினம் பாய்ந்து வந்தார். “எத்தனை தரம் சொன்னனான்? கழட்டும் சப்பாத்தை!”

“முடியாது!”

“இந்தத் தரையில ஒரு கீறல் விழ விடமாட்டன்! முடியுமெண்டா என்னை மிதிச்சுப்போட்டுப் போம்!” சால்வையை உதறி எறிந்துவிட்டு, மனுசன் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்தே விட்டார்.

கப்பித்தான் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றாள். அவரை உற்றுப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தாள். பிறகு திரும்பி நடந்தாள், நிஷாந்தி எழுதியிருந்தபடியே.

விசிலும் கைதட்டும் கூரையைப் பிய்த்தன. “ரத்தினம் அண்ணை, என்ன நடிப்பு!” என்று ஆளுக்கு ஆள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் திருதிருவென்று முழித்தார். பிறகு மெல்லச் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு கும்பிடு போடத் தொடங்கினார்.

வெளியே ஓடி வந்த நிஷாந்திக்கு மூச்சு வாங்கியது. “அக்கா! நல்ல வேளை, தப்பிச்சோம். நீங்க பார்த்து வச்ச தர்மகர்த்தா வரவே இல்லையே!”

மரியகொறற்றி சப்பாத்துத் தூசியைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

“வந்து படுத்தாரே! பின்ன, அந்த மனுசன் நித்திரை கொள்ளுற நேரமாப் பார்த்து நான் ஏன் சுத்தியல் அடிச்சனான் எண்டு நினைச்சாய்?”