பெயர் தெரியாத ஆசிரியர்

“படிக்கிறேன். ஆனா, ‘படிச்சீங்களா, எப்படி இருக்கு’ன்னு என் வாயைக் கிளறக் கூடாது” என்று அன்று அவள் கணவன் நிபந்தனை போட்டான்.

“வாயே திறக்க வேண்டாம். பக்கத்துலயே எழுதிடுங்க, போதும்” என்றாள் அவள்.

இந்த ஒப்பந்தம் நடந்தது சாப்பாட்டு மேஜையில், மடிக்கணினிக்கு முன்னால். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் பகலில் பல் டாக்டரின் வரவேற்பறையிலும், மாலையில் குடும்ப நாவல்களிலும் உழைப்பவள். மூன்று நாவல்கள் அச்சாகிவிட்டன. கட்டின புருஷன் ஒன்றைக்கூடப் புரட்டவில்லை என்பது அவள் தொண்டையில் முள்ளாகவே நின்றது.

“ஏறுது, இறங்குது, நடுவுல மாட்டிக்குது. உன் கதையும் என் லிஃப்ட்டும் ஒண்ணுதானே?” என்று ஒவ்வொரு முறையும் நழுவிவிடுவான். நான்காவதை அப்படி விடுவதாக இல்லை அவள்.

காசில்லாமல் இறக்கிக்கொண்ட மென்பொருள்தான். அதில் கருத்து எழுதும் வித்தையை உரக்கப் பாடம் எடுத்தாள். “வரியை மவுஸால இழுத்துப் பிடிங்க. மேல ‘இன்செர்ட்’, அதுல ‘கமெண்ட்’. ஓரத்துல மஞ்சளா ஒரு கட்டம் வரும். மனசுல பட்டதை அதுல எழுதுங்க.”

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மாமியார், “கொட்டாவி விடாம கேளுடா” என்று மகனை அதட்டினார்.

“கீழ என்னமோ ‘பெயர் தெரியாத ஆசிரியர்’னு வருதே?” என்றான் அவன்.

“பேரைப் பதியலைன்னா அப்படித்தான் வரும். உங்களை விட்டா வேற யாரு எழுதப் போறாங்க, இருக்கட்டும்.”

அந்த வாரமே மஞ்சள் கட்டங்கள் முளைக்கத் தொடங்கின. அவனுக்கு இரவுப் பணி. தான் வேலைக்குப் போனபின் பகலில் உட்கார்ந்து படிக்கிறான் என்று அவள் பூரித்துப்போனாள்.

கதாநாயகி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்பின் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடும் வரிக்கு எதிரே, ‘இவளை யாராவது உட்காரச் சொல்லக் கூடாதா?’ என்றிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கதாநாயகன் ஈரத்துண்டைக் கட்டிலில் எறியும் இடத்தில், ‘சின்ன வயதுப் பழக்கம். இனி மாறாது.’ தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் ஆண்பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? அன்று முதல் கட்டிலில் கிடந்த துண்டை முகம் சுளிக்காமல் எடுத்து உலர்த்தினாள்.

அவன் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி விழுந்தது. சட்டைகள் இஸ்திரி மடிப்போடு காத்திருந்தன.

“என்ன விசேஷம்?” என்றான்.

“ஒண்ணுமில்லையே.”

கிடைக்கிற வரைக்கும் லாபம் என்று அவனும் துருவவில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. அவள் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தன. பாவம், மனுஷனுக்குப் பார்வை மங்குகிறது போல என்று கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கடைசி வரிசைப் பொடி எழுத்தைக்கூட அவன் மளமளவென்று ஒப்பித்தான்.

“இவர் கண்ணு கழுகுக் கண்ணு. எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டீங்க?” என்று டாக்டர் சிரித்தார். அசடு வழியத் திரும்பி வந்தாள்.

கடைசி அத்தியாயம் வந்தது. அவள் நாவல்களில் எந்த மாமியாரும் கடைசி அத்தியாயத்தைத் தாண்டியது கிடையாது. முதல் நாவலில் மாடிப்படி, இரண்டாவதில் மாரடைப்பு, மூன்றாவதில் லாரி. இந்த முறை குளியலறையில் ஒரு சோப்பு.

எழுதி முடித்த மறுநாள், அந்த வரிக்கு எதிரே மஞ்சள் கட்டத்தில் வெறும் மூன்று புள்ளிகள் இருந்தன. உருகிப்போய் வார்த்தை கிடைக்காமல் தவித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

பதிப்பகம் கொடுத்த கெடு அன்று மாலையோடு முடிந்தது. அவன் வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ‘அனுப்பு’ பொத்தானுக்கு மேல் அம்புக்குறியை நிறுத்திவிட்டு, அவள் ஒப்பந்தத்தை மீறினாள்.

“என்னங்க, கோவிச்சுக்காதீங்க. அந்த மூணு புள்ளிக்கு என்ன அர்த்தம்? அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா அனுப்பிடுவேன்.”

“எந்தப் புள்ளி?”

“கடைசி அத்தியாயத்துல வெச்சீங்களே.”

அவன் கட்டிய லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். “அது வந்து... தப்பா நினைக்காதே. நான் இன்னும் அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சுல...”

“அப்போ ஈரத்துண்டு? அவளை உட்காரச் சொல்லுன்னு எழுதினது?”

“யாரை உட்காரச் சொன்னேன்?” என்றான் அவன், நிஜமாகவே பயந்துபோய்.

அவள் திரையைப் பார்த்தாள். மஞ்சள் கட்டங்களின் அடியில் எல்லாம் ‘பெயர் தெரியாத ஆசிரியர்’ என்று வரிசையாக நின்றது. இத்தனை நாள் தன்னை வரிக்கு வரி படித்தது யார் என்று விளங்காமல், ஒவ்வொரு கட்டமாக மறுபடியும் படித்துக்கொண்டே போனாள்.

சோபாவிலிருந்து மாமியார் எழுந்தார். மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு, அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அதை மட்டும் எழுதக் கூச்சமா இருந்துச்சு. இந்தத் தடவையாவது மாமியாரைக் கொல்லாம விட்டுடேன்மா.”