துபாய் போன இடுப்பு வலி

“இது நீங்கதானே?”

முத்துக்குமாரசாமி செல்போனை மேஜைமேல் தள்ளினார். படத்தில் திருவனந்தபுரம் விமான நிலைய வாசல். கழுத்து மறைய ரோஜா மாலை, கறுப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே பாண்டித்துரையின் மீசை.

“நாந்தான் சார்.”

“உங்க சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல நீங்களே போட்டது.”

தொழிலாளர் காப்பீட்டு அலுவலக மேலாளர் முத்துக்குமாரசாமி, தும்மல் வந்தால்கூட விதியில் இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தும்முகிறவர். பாண்டித்துரை நூல் மில் சங்கத் தலைவர். இடுப்பில் டிஸ்க் விலகி மெடிக்கல் லீவில் இருந்தவருக்கு வந்துகொண்டிருந்த நோய்க்கால உதவித்தொகை, துபாய்ப் பயணத்தால் நின்றுபோனது. அதை எதிர்த்துத்தான் மனு. மகளின் நர்சிங் காலேஜ் பீஸே இந்தத் தொகையை நம்பித்தான் இருந்தது.

“சிகிச்சையில இருக்கவர் அனுமதி இல்லாம ஜில்லாவை விட்டே போகக்கூடாது. நீங்க நாட்டை விட்டே போயிருக்கீங்க. நிறுத்தினது செல்லாதுன்னு மனுவில எழுதியிருக்கீங்க, காரணத்தை எழுதலையே?”

பாண்டித்துரை பக்கத்தில் இருந்த மனைவி உலகம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“அவிய என்ன சும்மாவா போனாவ? உலகத் தொழிலாளர் திலகம்னு ஷீல்டுல்லா குடுத்திருக்கான். பன்னெண்டு நாளும் ராஜ மரியாதை. அந்த உசந்த கட்டடத்துல உச்சி வரைக்கும் ஏறுனாவளாம்.”

“ஏறினாரா?” முத்துக்குமாரசாமி ஆசையாகக் குறித்துக்கொண்டார்.

“லிப்டுல,” என்று முனகினார் பாண்டித்துரை.

“ஆனி மாசம் போயிட்டு, சளியைப் பிடிச்சுக்கிட்டு வந்தாவ. இருமல் நிக்க எட்டு நாளாச்சு.”

“ஏசிம்மா. அங்க ரோட்டுலகூட ஏசி,” என்று தான் பார்த்தேயிராத துபாயை விளக்கினார் மேலாளர். பிறகு பேனா மூடியைத் திறந்தார். “மனு தள்ளுபடி.”

பாண்டித்துரை ஆதார் அட்டையை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

“ஏட்டி, கீழ போயி இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா.”

அவள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தார்.

“லஞ்சமா? என்கிட்டயா?” முத்துக்குமாரசாமி நாற்காலியில் நிமிர்ந்தார்.

“பாஸ்போர்ட்டு சார். பாருங்க.”

மேலாளர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். திரும்பவும் புரட்டினார். ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரை இல்லை. மரியாதையெல்லாம் மறந்து ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

“என்னவே இது?”

“ஏஜெண்டு குடுத்தது டூப்ளிகேட் விசா சார். ஏர்போர்ட் கவுண்டர்லயே திருப்பி விட்டுட்டான். பஸ்ஸப் பிடிச்சுக் குற்றாலம் வந்து, ரூம் போட்டு, பன்னெண்டு நாளும் படுத்தே கெடந்தேன். ஜன்னலைத் தெறந்தா சாரல். டாக்டர் சொன்ன ரெஸ்டை இந்த ஜில்லாவுலயே ஒழுங்கா எடுத்தவன் நாந்தான். லாட்ஜ் பில்லும் இருக்கு.”

“அப்ப அந்த ஷீல்டு?”

“குற்றாலத்துக்குப் பக்கத்துல, செங்கோட்டையில நானே காசு குடுத்து அடிச்சது.”

முத்துக்குமாரசாமி பேனாவை மூடினார்.

“திருப்பி விட்ட உடனே வெளிய வந்து, போகலைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமேவே?”

பாண்டித்துரை கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“வெளிய, வழியனுப்ப மூணு வேன் ஆளு நின்னுச்சே சார்.”