பகல் விலை

"சோலார் கரண்ட் வந்தா பகல்ல யூனிட் விலை பாதியாக் குறையும் சார். எல்லா ஊருக்கும் கணக்குப் போட்டுட்டேன்" என்றார் மின்தொகுப்பு அலுவலகத்தின் விலை ஆய்வாளர்.

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இதோட மூணு தடவை சொல்லிட்டீங்க. சோலார் வர்றதுல உங்களுக்கு என்னய்யா இவ்வளவு அக்கறை? சொந்த வீட்டு விசேஷம் மாதிரி ஓடுறீங்களே!"

ஆய்வாளர் அசட்டுச் சிரிப்போடு கணக்குத் தாள்களை அடுக்கிக்கொண்டு நகர்ந்தார்.

ஆனால் விடவில்லை. கமிட்டியில் முரண்டு பிடித்தவர்களிடம் ஒவ்வொரு மணி நேரத்து விலையையும் பிட்டுப் பிட்டு வைத்தார். ஒருவழியாக அனுமதி கிடைத்தது. ஒரே வருடத்தில் சோலார் நிலையங்கள் வந்தன. பகல் விலை அவர் சொன்னபடியே பாதியாக விழுந்தது.

தலைமைப் பொறியாளர் கூப்பிட்டுக் கை குலுக்கினார். "கணக்குன்னா இது கணக்கு! ஆனா பொழுது சாஞ்சா சோலார் படுத்துடுது, விலை எகிறுது. அதைக் கவனிக்க விவரம் தெரிஞ்ச ஆள் வேணும். உங்களை விட்டா யாரு? நாளையிலேர்ந்து உங்களுக்கு ராத்திரி டூட்டி."

ஆய்வாளர் மறுக்க வழியில்லாமல் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, எங்க ஐஸ் ஃபேக்டரியில இப்பத்தான் சொன்னாங்க! நீங்க சொன்ன மாதிரியே, பகல்ல கரண்ட் மலிவாயிட்டதால ராத்திரி ஷிப்டையே எடுத்துட்டாங்களாம். ஆறு வருஷமா காலையில நான் வீட்டுக்குள்ள நுழையறப்ப நீங்க கிளம்பிட்டிருப்பீங்க. நாளையிலேர்ந்து எனக்கும் பகல் வேலைதான்! ராத்திரி ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்... என்னங்க, நாளைக்கு ராத்திரி என்ன சமைக்கட்டும்?"