ஒரே பெயர்க்காரர்

பக்கத்து வீட்டுக்கு வந்துபோகிற ஆட்கள்மீது செபஸ்தியாம்பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை.

லண்டன் வால்தம்ஸ்டோவில் அந்தப் பழைய அடுக்குமாடிப் பிளாற்றின் இரண்டாம் மாடியில் இரண்டே கதவுகள். ஒன்று அவருடையது. மற்றது மிஸ்டர் லாமுடையது. ஹொங்கொங்கிலிருந்து இளவயதில் வந்து, ரெஸ்டோரண்ட் குசினிகளில் சமைத்தே ஆயுளைக் கழித்த மனிதர். "குட் மோர்னிங்", "இண்டைக்குக் குளிர் கூட" என்பதைத் தாண்டி இருவருக்கும் இடையில் பேச்சு வளர்ந்ததில்லை. கலியாணம் இல்லை, பிள்ளைகள் இல்லை என்பதை மட்டும் லாம் ஒருநாள் கையை விரித்துக் காட்டியிருந்தார்.

அப்படியிருக்க, ஞாயிறு தவறாமல் யாரோ வருகிறார்கள். ஒரு கிழமை புருசன் பெண்சாதி. அடுத்த கிழமை கண்ணாடி போட்ட ஒருவன். பிறகு கைக்குழந்தையோடு ஒருத்தி. முகம் மாறும். ஆனால் எல்லாரிடமும் சாவி இருக்கும். பையோடு உள்ளே போவார்கள். பையோடுதான் வெளியே வருவார்கள்.

வெளியே வரும் அந்தப் பைதான் செபஸ்தியாம்பிள்ளையை உறுத்தியது.

மனைவி றோஸ்மலர் கண்மூடியபிறகு அவருக்கு ஞாயிறுதான் கிழமையிலேயே நீளமான நாள். காலையில் சேர்ச்சில் தமிழ்ப் பூசை. முடிந்ததும் எல்லாரும் காரேறிப் போய்விடுவார்கள். இவர் பஸ்ஸில் வந்து, தேத்தண்ணியோடு குசினி யன்னலடியில் இருப்பார். அங்கிருந்து பார்த்தால் படியேறி வருபவர்கள் தெரியும். அவருடைய கதவுக்கு யாரும் வருவதில்லை.

லீட்ஸில் இருக்கும் மகள் கிளறிற்றாவிடம் போனில் சொன்னார்.

"உங்களுக்கேன் அப்பா தேவையில்லாத வேலை?" என்றாள் அவள். பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று போனை வைத்தாள்.

கிழவரை ஏமாற்றி வீட்டிலிருப்பதைத் துடைத்தெடுக்கிறார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. கவுன்சிலுக்குப் போன் அடித்துச் சொன்னார். அந்தக் கிழமையே அங்கிருந்து ஒரு பெண் வந்து, லாமிடம் நீண்டநேரம் விசாரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு இவருடைய கதவு தட்டப்பட்டது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, தன் பெயர் மேய் என்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவளோ, அயலவர் யாரோ பயந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், அதுதான் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றாள். உள்ளே போவது சாப்பாடு. வெளியே வருவது, தோய்க்கக் கொண்டுபோகும் அவருடைய உடுப்பு.

"அவர் உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையுமில்லை. நானும் லாம், அவரும் லாம். குடும்பப் பெயர் மட்டும் ஒண்டு."

அந்தக் காலத்தில் இங்கே வந்திறங்கி, ஒருவரையும் தெரியாமல் நின்ற லாம்கள் சேர்ந்து தொடங்கிய சங்கமாம். அறை பிடித்துக் கொடுத்தது, வேலை தேடிக் கொடுத்தது, செத்தால் எடுத்து அடக்கியது எல்லாம் அதுதானாம். இப்போது வேலைக்கு அலைபவர்கள் குறைவு. தனித்துப்போன கிழவர்கள்தான் மிச்சம். ஆளுக்கொரு ஞாயிறு போய்ப் பார்க்கிறார்கள்.

அவள் போனபிறகு செபஸ்தியாம்பிள்ளை யன்னலடிக்குத் திரும்பிப்போய் இருந்தார். அவருடைய ஊருக்கும் லண்டனில் ஒரு சங்கம் இருந்தது. வருசத்துக்கு ஒரு ஒன்றுகூடல், சாப்பாடு, பேச்சு. றோஸ்மலருக்குப் பிறகு அவர் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை. சரி, நான் யாரைத் தேடிப் போயிருக்கிறேன் என்று யோசித்தார். ஒருவர் பெயரும் வாயில் வரவில்லை.

லாமிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பலமுறை எழும்பினார். எந்த முகத்தோடு போவது? யன்னல் சீலையை இழுத்து மூடினார். படியில் லாமின் செருமல் கேட்டால், அது அடங்கும்வரை வீட்டுக்குள்ளேயே நின்றார்.

பனிக்காலத்தில் ஒருநாள் அம்புலன்ஸ் வந்தது. லாம் திரும்பி வரவில்லை.

மேய் வந்து சொல்லி, அடக்கத்துக்குப் போனார். பிள்ளையில்லாத மனிதருக்கு மண்டபம் நிறைந்த சனம். எல்லாரும் வரிசையாய் வந்து பெட்டிக்கு முன்னால் குனிந்து வணங்கினார்கள். இவர் பின்வரிசை வாங்கில் இருந்து ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லிவிட்டு, யாருடனும் பேசாமல் வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, படியில் காலடிச் சத்தம் கேட்டது. லாமின் வீட்டைக் காலிசெய்ய வருகிறார்கள் போல என்று நினைத்தார். ஆனால் மணியடித்தது இவருடைய வீட்டில்.

மேய்தான். கையில் சூடு பறக்கும் சாப்பாட்டுப் பை.

"பக்கத்து வீடு பூட்டியிருக்கு, பிள்ளை."

"தெரியும். உங்களைப் பாக்கத்தான் வந்தனான்."

அவருக்கு இதற்குமேல் மறைக்க ஏலாது என்று பட்டது. "கவுன்சிலுக்கு அடிச்சது நான்தான்" என்றார்.

"அவருக்கு அண்டைக்கே தெரியும்."

"கோவிக்கேல்லையோ?"

"சந்தோசப்பட்டவர். தன்னட்டை ஆர் வருகினம், ஆர் போகினம் எண்டு கவனிக்கவும் ஒரு ஆள் இருக்கு எண்டு சங்கத்திலை எல்லாருக்கும் சொன்னவர்."

கவனித்தது அக்கறையில் அல்ல, பொறாமையில் என்று சொல்ல செபஸ்தியாம்பிள்ளை வாயெடுத்தார்.

அதற்குள் மேய் பையை அவர் கையில் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலை வைச்சு எங்களிட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டவர். பக்கத்து வீட்டிலையும் ஒரு லாம் தனிய இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையளிலை அவரை மறந்துபோகாதேங்கோ எண்டு."