சுணை

“சுணை இருக்கு” என்றான் பரிதி.

வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு, இரண்டு மாதமாகச் சொல்லி வரும் அதே வார்த்தை.

குழந்தையை நீட்டிய கைகளைக் குந்தவை மடக்கிக்கொண்டாள்.

அவன் கதிரறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். பொழுதுக்கும் நெல் தூசிக்குள் உட்கார்ந்திருக்கிற உடம்பு. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுணை முள் சட்டை நூலில் ஏறிவிட்டால் இரண்டு முறை சோப்புப் போட்டாலும் போகாது. பெரியவர்களுக்கே தடித்து அரிக்கும். பச்சை உடம்புக்கு ஆகுமா?

அதனால் தள்ளி நின்றே பார்ப்பான்.

பிரசவத்துக்கு ஒரத்தநாட்டுக்கு, தாய்வீட்டுக்கு வந்துவிட்ட மனைவியைப் பார்க்க, திருவையாற்றிலிருந்து வாராவாரம் பைக்கில் வந்தான். கவுன், கொசுவலை, கிலுகிலுப்பை என்று எதையாவது வாங்கிவந்து கட்டில் ஓரத்தில் வைத்தான். மாமியார் போட்ட காபியைக் குடித்தான். மகள் சிணுங்கினால் எழுந்து வெளியே போய் நின்றான்.

பேர் வைத்த அன்று, பாயில் கிடந்தவளின் காதருகே குனிந்து ‘கயல்விழி’ என்று மூன்று முறை சொன்னான். ஒரு விரல்கூடப் படவில்லை.

“எவ்வளவு பதவிசு பாரு” என்று பக்கத்து வீட்டுக்காரிகள் மெச்சினார்கள்.

மாமியார் அம்சத்துக்கு மட்டும் அது பிடிபடவில்லை. “ஒங்கப்பாவும் களத்துலேருந்து வந்தவருதான். வாய்க்கால்ல ஒரு முங்கு முங்கிட்டு வந்து ஒன்னைத் தூக்கிட்டுத் தெருத்தெருவா சுத்துவாரு. ஊருல இல்லாத சுணையாடி இவருக்கு மட்டும்?” என்று போன வாரம் மகளிடம் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பொண்ணாப் போச்சேன்னு இருக்குமோ?” என்றாள்.

அந்த ஒரு கேள்வி குந்தவைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இன்று அம்சம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் அவர்கள் மூன்று பேர் மட்டும்.

“மாமா” என்றாள் குந்தவை. “அறுப்பு முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. மெஷினை ஆத்தூருக்கு ஏத்தி அனுப்பியாச்சுன்னு ஒங்க மொதலாளியே போன்ல சொல்லிட்டாங்க. சட்டையில இஸ்திரி மடிப்புகூடக் கலையல. எங்கேருந்து வருது சுணை?”

பரிதி தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டான்.

“பொண்ணுங்கறதாலயா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறேன்னு வந்து நிக்காதீங்க. நான் இங்கேயே இருந்து இவளை வளத்துக்கறேன்.”

“ஐயோ, அதில்ல குந்தவை.”

“பின்ன?”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளில் கிடந்த குழந்தையையும் பார்க்கவில்லை. சிமெண்டுத் தரையில் ஓடிய விரிசலைப் பார்த்துச் சொன்னான்.

போகி அன்று காலை. ரத்தம் நிற்காமல் போய், அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். அவ்வளவுதான். வேறு எதையும் யாரும் அவனிடம் கேட்கவில்லை.

அவனாகத்தான் டாக்டர் பின்னால் ஓடினான்.

“பெரிய உசிரு போதும் டாக்டர், சின்னது போனாலும் பரவாயில்லன்னு சொன்னேன். யாரும் கேக்காம நானாச் சொன்னேன். நீயும் பொழைச்ச, அதுவும் பொழைச்சிடுச்சு. துணியில சுத்திக் கொண்டாந்து எங்கிட்ட நீட்டுறாங்க. கண்ணை முழிச்சு என்னையே பாக்குது. வேணாம்னு சொன்னவன் எந்த மூஞ்சியோட வாங்குவேன், சொல்லு?”

தெருவில் உளுந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று கடகடத்துப் போனது. குந்தவை குழந்தையோடு வந்து, அவன் முழங்காலில் தன் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள்.

“என்னை உள்ள தள்ளிட்டுப் போனப்ப, அந்த நர்ஸம்மா கையைப் புடிச்சிக்கிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா?”

அவன் நிமிர்ந்தான்.

“சின்ன உசிரைக் காப்பாத்துங்க, என்னை விட்டுடுங்கன்னு சொன்னேன். ஒங்களை அந்த நேரத்துல ஒரு நிமிஷம் நெனைக்கல மாமா. தனியா நின்னு என்ன பண்ணுவீங்கன்னு தோணவே இல்ல. அதுக்காக நான் ஒங்க மூஞ்சில முழிக்காமலா இருக்கேன்?”

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டுத் தன் கைகளை எடுத்துக்கொண்டாள்.

“தலையைப் புடிங்க. கியர் போடுற மாதிரி இறுக்காதீங்க, மெதுவா.”

புது வாடை பிடிக்காமல் கயல்விழி முகம் சிவக்க வீறிட்டாள். காலை உதைத்தாள். அவன் சட்டை மேலேயே சிறுநீர் கழித்தாள்.

வாசலில் அரிசிப் பையைப் போட்டுவிட்டு அம்சம் ஓடி வந்தாள். “குடுங்க தம்பி, எங்கிட்ட குடுங்க. ஒங்களுக்குப் பழக்கமில்ல.”

அழுகை நிற்கவில்லை.

பரிதி கொடுக்கவில்லை.